விருந்தாளி டோஸ்

ஊரில் இரண்டு லட்சம் பேர் காலையில் குளித்தது, துவைத்தது, கழுவியது, இன்னும் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாதது எல்லாம் மத்தியானத்துக்குள் ஆப்பரேட்டர் அக்காவின் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். வந்ததை அவள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். முதலில் கம்பிச் சல்லடை. அதில் துணி, பிளாஸ்டிக், பொம்மையின் கை, ஒரு தடவை யாருடையதோ ஒரு பல்செட்கூட மாட்டியது. அடுத்தது மணல் தங்கும் தொட்டி. அதற்கப்புறம்தான் அவளுக்கு உயிரான இடம். அடியிலிருந்து காற்று ஊத ஊத, பழுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருக்கும் நாலு பெரிய தொட்டிகள். அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் ஊர் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன.

"சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, சங்கம் கிடையாது. காத்து மட்டும் குடுத்தாப் போதும். என் ஆளுங்க மாதிரி யாரு வேலை செய்வா?" என்பாள்.

கிருமிகள் தின்று முடித்து அடியில் படிந்த பிறகு தெளிந்த தண்ணீர் மேலே வழியும். அதைக் குளோரின் தொட்டியில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் குழாய் வழியாக ஆற்றில் விடுவார்கள். ஊர்க்காரர்கள் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைச் 'சாக்கடை ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"சாக்கடை உங்க வீட்டுல இருந்து வருது. இங்க இருந்து தண்ணிதான் போகுது" என்று நடுத்தெருவில் நிறுத்தி வைத்துச் சொல்வாள்.

சொல்வதோடு விடுகிற ஆள் இல்லை. தினமும் காலையில் குழாய் வாயில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆபீஸ் ஜன்னலில் வைப்பாள். பின்னால் அன்றைய செய்தித்தாளைச் சாய்த்து வைப்பாள். பாட்டில் வழியாகப் பார்த்தாலே பொடி எழுத்தைப் படிக்கலாம். ஆபீஸ் பக்கம் யார் வந்தாலும் அவளைப் பார்க்க வந்தார்களோ இல்லையோ, அந்தப் பாட்டிலைப் பார்க்காமல் போக முடியாது.

இவ்வளவு பெருமைக்கும் நடுவில் ஒரு முள் இருந்தது. அந்த முள் அவள் வீட்டிலேயே இருந்தது. கட்டிய புருஷன்தான்.

அவர் ஆற்றில் வலை போட்டுப் பிழைக்கிறவர். தெருவே அவரை வலைக்காரர் என்றுதான் கூப்பிடும். விடிந்ததும் சின்னப் படகில் கிளம்புவார். வீட்டுத் துறையிலிருந்து ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டு, மனைவியின் குழாயைக் கடந்து, ரொம்ப தூரம் மேலே போய்த்தான் வலையை எடுப்பார். குழாய்க்குக் கீழே ஒரு நாளும் வலை விழுந்ததில்லை. புது நிலையம் கட்டுவதற்கு முன் அந்தக் குழாயில் கறுப்பாகத்தான் வரும், அப்போது போகாததில் நியாயம் இருந்தது. புது நிலையம் வந்து, காலை ஷிப்டின் பொறுப்பு அவள் கைக்கு வந்த பிறகும் போகவில்லை என்றால் அது யாரைக் கேவலப்படுத்துகிற காரியம்?

பொறுப்பேற்ற முதல் வாரமே அவள் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, இப்பத்தான் தண்ணி கண்ணாடி மாதிரி போகுதே. இன்னும் எதுக்கு மேல போறீங்க?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. மீன் அங்க நிக்க மாட்டேங்குதே" என்றார் அவர்.

"மீன் நிக்கலையா, உங்களுக்கு மனசு வரலையா?"

"எனக்கு எல்லா மனசும் இருக்கு, மகாராணி. மீன்கிட்ட கேட்டுப் பாரு."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்படியா? என் குழாய்க்குக் கீழ நீங்க வலை போட்டுப் பிடிக்கிற அன்னிக்குத்தான் இனிமே நான் மீன் சாப்பிடுவேன். அதுவரைக்கும் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

மீன் என்றால் உயிரை விடுகிறவள் சொன்ன சொல் அது. ரெண்டு நாளில் இறங்கி வந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். ரெண்டு நாள் ரெண்டு வாரமானது, ரெண்டு வருஷமானது, பதினோரு வருஷமாகியும் அவள் இறங்கவில்லை. மீன்காரன் வீட்டில் தினமும் மீன் பொரியும். அவளேதான் கழுவுவாள், அவளேதான் உப்புப் போட்டுப் புரட்டிப் பொரிப்பாள். ஒரு துண்டுகூட வாயில் வைக்க மாட்டாள். ருசி பார்க்க வழியில்லாததால் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்பாள்.

"உப்பு?"

"அளவு" என்பார் அவர்.

பதினோரு வருஷமாகக் கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை.

வெளியே அவள் பேர் ஓங்கிக்கொண்டே போனது. பரிசோதனை எதிலும் நிலையம் தோற்றதில்லை. போதாக்குறைக்கு அவள் கண்டுபிடித்த ஒரு வித்தை இருந்தது. குளோரின் ஊற்றும் பம்பில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட ஒரு திருகு உண்டு. மூன்றில் வைக்க வேண்டும் என்பது சட்டம். பொறுப்பேற்ற முதல் நாளே பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் அவள் அதை ஏழுக்குத் திருப்பியிருந்தாள். குழாய் வாயில் நீச்சல் குளத்து வாசனை கும்மென்று தூக்கியது. அதிகாரி கண்ணை மூடி மூச்சை இழுத்து, "ஆகா, சுத்தம்னா இதுதான் சுத்தம்!" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து யார் வந்தாலும் ஏழுதான். ஆட்கள் அதற்கு 'விருந்தாளி டோஸ்' என்று பேர் வைத்தார்கள். விருந்தாளிகளும் விட்டபாடில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பக்கத்து ஊர் நகராட்சி, கல்லூரிக்காரர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். தினமும் திருப்பித் திருப்பி வைப்பானேன் என்று சில நாளிலேயே அதை ஏழில் விட்டுவிட்டார்கள். தினசரிப் பதிவேட்டில் 'டோஸ்' என்ற கட்டத்தில் 'வ.போ.' என்று எழுதினார்கள். வழக்கம் போல. எந்த வழக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. குளோரின் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்றுதான் பரிசோதனையில் விதி இருந்தது. கூடினால் என்ன என்று விதியும் கேட்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பூச்சி மேடம் வந்தார்.

ஆற்றுக்குள் என்னென்ன பூச்சி இருக்கிறது என்று எண்ணுவதே அவருக்கு வேலை. முழங்காலுக்கு மேல் ரப்பர் பூட்ஸ், கையில் குட்டி வலை, தோளில் வெள்ளைத் தட்டு. மீனை விட்டுவிட்டுப் பூச்சிக்கு வலை போடுகிற ஆளை வலைக்காரரின் பெண்டாட்டி முதல் தடவையாகப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடவே கரைக்குப் போனாள்.

"பூச்சியில என்ன மேடம் தெரியும்?"

"உங்க பாட்டில் இன்னிக்குக் காலையில தண்ணி எப்படி இருந்துச்சுன்னு சொல்லும். பூச்சி வருஷம் முழுக்க இங்கதான் குடியிருக்கு. எல்லா நாளும் எப்படி இருந்துச்சுன்னு அதுதான் சொல்லும்" என்றார் மேடம்.

குழாய்க்கு மேலே நூறு அடி தள்ளி மேடம் கல்லைப் புரட்டினார், காலால் மணலைக் கிளறினார், வலையில் வந்ததைத் தட்டில் கொட்டினார். தட்டு முழுக்க உயிர். மணலால் தனக்கென்று கூடு கட்டிக்கொண்ட புழு, குட்டி நத்தை, மூன்று வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் பூச்சி என்று எண்ணினால் பதிமூன்று வகை. பிறகு குழாய்க்குக் கீழே வந்து அதே மாதிரி புரட்டினார். தட்டில் மணல் இருந்தது, தண்ணீர் இருந்தது. மேடம் இன்னும் பத்தடி தள்ளிப் பார்த்தார், ஐம்பதடி தள்ளிப் பார்த்தார். அப்போதும் மணலும் தண்ணீரும்தான்.

அக்கா தட்டை எட்டிப் பார்த்தாள். "எங்க தண்ணில அழுக்கு இல்ல மேடம். வேணும்னா ரிப்போர்ட் காட்டறேன்" என்றாள்.

"அழுக்கு இல்லைன்னுதான் நானும் சொல்றேன். சாக்கடை கலந்திருந்தா சிவப்புப் புழுவாவது நெளியும். இங்க அதுகூட இல்லையே. இது அழுக்கு பண்ற வேலை இல்ல, அக்கா. சுத்தம் பண்றதுக்குப் போடற ஏதோ ஒண்ணு பண்ற வேலை."

மேடம் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்பது மாதிரிதான் சொன்னார். அக்காவுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நேராகக் குளோரின் அறைக்கு நடந்தாள். திருகு ஏழில் நின்றது. நின்று நின்று அந்த இடத்தில் மட்டும் பெயின்ட்கூட மங்கியிருந்தது. மீன் அங்க நிக்க மாட்டேங்குதே. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்ட வாக்கியம் இப்போதுதான் அவள் காதுக்குள் போனது. அவர் தண்ணீரைக் குறை சொல்லவே இல்லை. பார்த்ததைச் சொன்னார். அவள்தான் அதை வசவாகக் கேட்டாள்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. குளோரின் அறையில் யாருக்கும் கண் எரியும் என்பதால் கண்டுபிடிக்க ஆளில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிலையத்துச் சூப்பிரண்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

சூப்பிரண்டு நல்ல மனுஷன்தான். ஆனால் காகிதம் என்றால் பயம். "எதுக்கு அக்கா நீங்களே போய்த் தலையைக் குடுக்கிறீங்க? மேல ஏதாவது பேக்டரி இருக்கும். அதுல இருந்து வந்திருக்கும்னு எழுதிட்டாப் போச்சு" என்றார்.

"மேல பதிமூணு வகை பூச்சி உயிரோட ஓடிட்டிருக்கு சார். பழி சுமக்க மேல ஆளில்லை. என் கைதான்."

"வேலைக்கு உலை வச்சுக்காதீங்க."

"என் தண்ணி சுத்தம்னு ஊர் பூரா பீத்திக்கிட்டது நான்தானே சார்? இல்லைன்னு சொல்றதும் நானாத்தான் இருக்கணும்."

பதிவேட்டைத் திறந்து, 'வ.போ.' என்பதற்குக் கீழே முதல் தடவையாக முழு வாக்கியம் எழுதினாள். டோஸ் ஏழு. பதினோரு வருஷமாக ஏழு. ஆரம்பித்தது நான். கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டாள்.

மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. ஆறு மாதத்துக்கு ஷிப்டுப் பொறுப்பைப் பறித்தார்கள். அவள் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து சாதாரண ஆப்பரேட்டராக வேலையைத் தொடங்கினாள். அவளுக்குப் பதில் பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார மேலிடம் ஆள் கேட்டபோது ஷிப்டில் இருந்த எட்டுப் பேருக்கும் திடீரென்று முதுகுவலி வந்துவிட்டது. நின்றுகொண்டே வேலை பார்க்கிறோம் என்றார்கள். ஆறு மாதமும் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

மெமோ வந்த அன்று சாயங்காலம் அவள் புருஷன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னது சரி. மீன் நிக்காததுக்குக் காரணம் நான்தான்."

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க சொன்னது சரி' என்ற வாக்கியத்தை அந்த வீடு கேட்டதில்லை. வலைக்காரர் தைத்துக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார். ஜெயித்த மனுஷன் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருக்கலாம். அவர் செய்யவில்லை.

"சரி, சபதம் முடிஞ்சுதுல்ல? இன்னிக்கு ஒரு துண்டு சாப்பிடு."

"தோத்துப்போய்ச் சாப்பிடறதா? ஜெயிச்சுட்டுச் சாப்பிடறேன்" என்றாள் அவள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். எனக்காக அங்க வலை போடக் கூடாது. மீன் நின்னாப் போடுங்க. இல்லைன்னா மேல போயிட்டே இருங்க."

அதற்கப்புறம் நடந்ததுதான் வேலை. தண்ணீரைப் பரிசோதிக்கும் லேப்காரர் தினமும் மிஞ்சிய கிருமியை எண்ணினார், அவள் திருகை அரை அரை எண்ணாக இறக்கினாள். மூன்றில் சரியாக இருந்தது. இரண்டிலும் சரியாகவே இருந்தது. அவளுடைய ஆட்கள் முன்னாலேயே வேலையை ஒழுங்காக முடித்துவிட்டதால் குளோரினுக்கு அங்கே பெரிதாக வேலையே இல்லை. இருக்கிற கொஞ்சத்தையும் ஆற்றுக்குள் விடக் கூடாது என்று அவளுக்குப் பிடிவாதம். நிலையத்துக்குப் பின்னால் பழைய காலத்துக் குளம் ஒன்று கோரை மண்டிக் கிடந்தது. தண்ணீரை அதில் விட்டு ஒன்றரை நாள் வெயிலில் வைத்தால் குளோரின் தானாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டாள். அடைந்து கிடந்த வாய்க்காலை நாலு சனிக்கிழமை ஷிப்டு ஆட்கள் எல்லோரும் இறங்கி வெட்டினார்கள். சூப்பிரண்டுகூட பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். முதல் மண்வெட்டியிலேயே செருப்பைத் தொலைத்தார்.

குளத்தில் தங்கி வந்த தண்ணீருக்கு இலேசாகப் பச்சை ஏறியது. ஜன்னல் பாட்டிலுக்குள் பொடி எழுத்து முன்போல் பளிச்சென்று தெரியவில்லை. ஆனாலும் அவள் பாட்டிலை எடுக்கவில்லை. பழைய பெரிய அதிகாரி மறுபடி வந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "வாசனையே இல்லையே, மருந்து போடறதில்லையா?" என்று கேட்டார்.

"வாசனை வந்தாத்தான் சார் தப்பு" என்றாள் அவள், அசராமல்.

ஐந்தாவது மாதம் பூச்சி மேடம் வந்து குழாய்க்குக் கீழே கிளறினார். தட்டில் சிவப்பாக இரண்டு புழு நெளிந்தது. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, புழுவா?"

"வந்துட்டாங்க!" என்று கத்தினார் மேடம். "முதல் குடித்தனம் வந்துருச்சு, அக்கா!"

புழுவைப் பார்த்து இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததைக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். ஒன்பதாவது மாதம் மூன்று வால் பூச்சி வந்தது. மேடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். அக்கா பார்த்தாள், கொடுத்தாள், மறுபடி வாங்கிப் பார்த்தாள். அரிசியளவுகூட இல்லாத உயிர், அவள் விட்ட தண்ணீரில், கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை முதல் மார்க் வாங்கின மாதிரி அவள் கரையில் துணி துவைத்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

வலைக்காரர் மட்டும் தினமும் குழாயண்டை வந்து துடுப்பை நிறுத்துவார், தண்ணீரைப் பார்ப்பார், மேலே போய்விடுவார். அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. பொறுப்பு திரும்பக் கையில் வந்தபோதுகூட அவள் மனசு அந்தத் துடுப்பிலேதான் இருந்தது.

பதினோராவது மாதம் ஒரு காலை, பாட்டிலோடு குழாய் வாய்க்கு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். குழாய்க்குக் கீழே முழங்கால் தண்ணீரில் ஒரு கொக்கு ஆடாமல் அசையாமல் நின்றது. சும்மா வேடிக்கை பார்க்கக் கொக்கு வராது என்பது மீன்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாதா? அதே நேரம் வளைவிலிருந்து அவர் படகு வந்தது. துடுப்பை நிறுத்தினார். கொக்கைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து வலையை எடுத்துத் தோளில் போட்டார்.

வலை வட்டமாக விரிந்து அவளுடைய தண்ணீரில் விழுந்தது. இழுக்கும்போது அவர் கை நிதானமாகத்தான் வந்தது. மேலே வந்த வலையில் நாலு மீன் துள்ளியது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், வெள்ளி மாதிரி. வலைக்காரர் ஒன்றை எடுத்து உயரத் தூக்கி ஆறு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூவினார்.

"யோவ், எல்லாரும் பாத்துக்குங்க! என் பெண்டாட்டி குழாய்க்குக் கீழ பிடிச்சது!"

மேலே கம்பித் தடுப்பில் ஷிப்டே வந்து நின்றிருந்தது. லேப்காரர் விசிலடித்தார். சூப்பிரண்டு கை தட்டினார். அவள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதாள். இந்தத் தடவை குளோரின்மேல் பழி போட முடியாது.

மத்தியானம் வீட்டில் அவர் என்றுமில்லாமல் அடுப்படிக்கு வந்து சுற்றிச் சுற்றி நின்றார்.

"இன்னிக்கு நான் பொரிக்கிறேனே. நீ உக்காரு."

"என் தண்ணில பிடிச்ச மீனு. நான்தான் பொரிப்பேன். தள்ளுங்க."

அவள் வழக்கம்போல் உப்பைக் கையால் அள்ளினாள். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். பொரித்ததும் இரண்டு தட்டு வைத்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் குறைய இருந்த விரதம். முதல் துண்டை அவள் வாயில் வைத்தாள்.

"உப்பு?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

அவள் மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். மீனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இத்தனை வருஷம் முகம் சுளிக்காமல் தின்று எழுந்த அந்த வாயைப் பார்த்தாள்.

"ஏழுல இருக்கு" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"இத்தனை வருஷமும் இதையா தின்னீங்க? அளவு, அளவுன்னு சொல்லிட்டு?"

"நீ வ.போ.ன்னு எழுதினே, நான் அளவுன்னு சொன்னேன்" என்றார் அவர், சிரிப்பை அடக்க முடியாமல். "ஒரு தடவை குறை சொல்லி நீ மீனையே விட்டுட்டே. இன்னொண்ணும் சொல்லி அடுப்பையும் விட்டுட்டா, நான் என்ன பண்றது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாளையிலிருந்து மூன்றுக்கு இறக்குவதாகச் சொன்னாள். வேண்டாம், ஒரேயடியாக இறக்காதே, அரை அரையாக இறக்கு, நாக்கு பழகிவிட்டது என்றார் அவர். தட்டைத் தள்ளிவைத்து வேறு பொரிக்கலாமா என்று கேட்டார். அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. இது என் குழாய்க்குக் கீழ பிடிச்சது" என்று சொல்லிவிட்டு, உப்போடு சேர்த்து, முள் மட்டும் மிஞ்சுகிறவரை தின்றாள்.